ஆசிரியர்களுக்கான ஏ.ஐ. பயிலரங்கம்: ஒரு நாளா, ஒரு வாரமா, ஒரு பருவமா?

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டைச் செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) ஆண்டாக அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்தது. இதற்கிடையில், பெயரில் 'ஏ.ஐ.' இல்லாத ஆசிரியர் பயிலரங்கத்தைச் சென்னைக் கல்லூரிகளில் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. வரும் கல்வியாண்டிலும் ஒன்று நடத்த வேண்டும் என்பதில் எந்தக் கல்லூரியின் ஐ.க்யூ.ஏ.சி. (உள்தர உறுதிப்பாட்டுக் குழு) கூட்டத்திலும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. எப்படிப்பட்ட பயிலரங்கம் என்ற கேள்விதான், தேநீர் வந்து சேரும் நேரத்தில், "போன தடவை மாதிரியே வைத்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மாணவருக்கேற்ற கற்றலுக்கு, கேட்டதை எழுதித் தரும் ஜெனரேட்டிவ் ஏ.ஐ.யைப் பயன்படுத்துவதுதான் பொருள் என்றால், அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்குவது நல்லது.

நான் மனத்தில் வைத்துப் பேசுவது, இரண்டு ஷிப்டுகளாக இயங்கும், நூற்றிருபது ஆசிரியர்கள் வரை உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றை. காலையில் அரசு உதவிபெறும் பிரிவும் பிற்பகலில் சுயநிதிப் பிரிவும் நடக்கும். வகுப்புக்கு அறுபது எழுபது மாணவர்கள்; அவர்களில் கணிசமானோர் பொன்னேரி, திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கங்களிலிருந்து மின்சார ரயிலில் வந்து போகிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலவழிப் பாடத்தைச் சந்திப்பவர்கள். இத்தகைய கல்லூரிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: அனைவரையும் அரங்கில் அமர்த்தும் ஒருநாள் நிகழ்ச்சி, விடுமுறையில் நடக்கும் ஐந்துநாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி); பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துறைவாரியாகக் கூடும் இரண்டு மணி நேர அமர்வுகள்.

மாணவருக்கேற்ற கற்றல் என்று பேச்சை எடுத்தாலே, கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையைத் திரையில் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாகக் கற்பிக்கப்பட்ட மாணவர்களின் சராசரி, வழக்கமான வகுப்பின் சராசரியைவிட இரண்டு திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) அளவுக்கு மேலே இருந்தது என்றும், அந்தப் பலனை ஓர் ஆசிரியர் பலருக்குக் கற்பிக்கும் வகுப்பிலேயே எட்டுவதற்கு வழி காண வேண்டும் என்றும் அவர் எழுதினார். ஏ.ஐ. விற்க வருகிறவர்கள் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்லியே பேச்சைத் தொடங்குவார்கள். ஆய்வாளர் கர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர் தனியாகக் கற்பிப்பதன் பலன் 0.79 திட்டவிலக்க அளவில்தான் நின்றது என்பதும், படிப்படியாக வழிநடத்தும் கணினி நிரல்கள் 0.76 என்று அதை ஏறத்தாழத் தொட்டுவிட்டன என்பதும் அந்தத் திரையில் வருவதில்லை. நமக்கு வேண்டிய செய்தி இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. ஏனெனில் அந்த நிரல்கள், மாணவர் கணக்கின் எந்தப் படியில் இடறினாரோ அந்தப் படியில் உதவும்படி அமைக்கப்பட்டவை.

முதலாமாண்டுப் பொருளியலில் 'தேவை விதியை வரைபடத்துடன் விளக்குக' என்ற பத்து மதிப்பெண் வினாவை எடுத்துக்கொள்வோம். நான்கு மதிப்பெண் பெற்ற மூன்று விடைத்தாள்கள் மேசையில் இருக்கின்றன. முதல் மாணவர், விலை குறைந்ததும் தேவைக்கோட்டையே வலப்பக்கம் நகர்த்தி வரைந்திருக்கிறார். கோட்டின் மீதான நகர்வும் கோட்டின் இடப்பெயர்ச்சியும் அவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. இரண்டாமவர், விலை இருக்க வேண்டிய அச்சில் அளவையும் அளவு இருக்க வேண்டிய அச்சில் விலையையும் குறித்துவிட்டு, கீழே மனப்பாடம் செய்த விளக்கத்தைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். மூன்றாமவரின் அட்டவணையும் சரி, படமும் சரி. விளக்கம் மட்டும் இரண்டு வரியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவருக்குப் பொருளியல் தெரிகிறது, ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. மதிப்பெண் பட்டியலில் மூவரும் நான்கு. ரெமிடியல் வகுப்பில் மூவருக்கும் அதே பாடம் மீண்டும் ஒருமுறை. இந்த மூவருக்கும் மூன்று வெவ்வேறு பயிற்சித்தாள்களைச் சில நிமிடங்களில் வரைவாகத் தருவதுதான் ஏ.ஐ.யால் கிடைக்கக்கூடிய உருப்படியான உதவி. ஆனால் பிழைகள் எவை என்பதை அதற்குச் சொல்லவேண்டியவர் அந்த விடைத்தாள்களைத் திருத்திய ஆசிரியர். எனவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த வடிவம் ஆசிரியரை அவருடைய சொந்த விடைத்தாள்களோடு உட்கார வைக்கிறதா?

ஒருநாள் நிகழ்ச்சியில் அதற்கு இடமே இல்லை. பத்து மணி என்று அழைப்பிதழில் அச்சிட்ட தொடக்க விழா, தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை என்று நகர்ந்து முடிகையில் பதினொன்றேகால் ஆகியிருக்கும். மதிய உணவுக்கும் குழுப் படத்துக்கும் சான்றிதழ் வழங்கலுக்கும் போக, மீதமிருப்பது மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. அரங்கின் இருக்கைகளில் மடிக்கணினி வைக்க இடமில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் வைஃபை நின்றுவிடும், ஆகவே கருத்தாளர் மேடையில் செய்து காட்டுவதை மற்றவர்கள் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதே நடைமுறையாகிறது. இரண்டு ஷிப்ட் கல்லூரியில் முழுநாள் நிகழ்ச்சி என்றால் ஏதேனும் ஒரு ஷிப்டின் வகுப்புகளை ரத்து செய்தாக வேண்டும் என்ற கூடுதல் விலையும் உண்டு. இதற்கெல்லாம் அப்பால் அதற்கு ஒரு பயன் இருப்பதை மறுக்க முடியாது. மாணவர்களின் ஒப்படைப்பில் ஏ.ஐ.யை எந்த அளவுக்கு அனுமதிப்பது, எதை மோசடி என்று கொள்வது, எந்தத் தகவலை வெளிச்சேவையில் பதிவேற்றக் கூடாது என்பன போன்ற கல்லூரி முழுமைக்குமான விதிகளை முதல்வர் ஒரே குரலில் அறிவிக்கவும், ஆசிரியர்கள் எழுந்து எதிர்க்கேள்வி கேட்கவும் அந்த அரங்கு ஏற்றது. அதற்கு அரை நாள் போதும்.

ஐந்துநாள் எஃப்.டி.பி.யின் நிலை வேறு. ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் திட்டப் பயிற்சிகளும், தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் குறுகியகாலப் பயிற்சிகளும் நம் ஆசிரியர்களுக்குப் பழக்கமானவை. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் பதவி உயர்வுக்கு ஒருவாரம், இருவாரம் என்ற அளவிலான பயிற்சிகளைக் கணக்கில் கொள்வதால், ஐந்துநாள் சான்றிதழுக்கு இருக்கும் மதிப்பு மற்ற வடிவங்களுக்கு இல்லை. இதை அற்பமான நோக்கம் என்று ஒதுக்குவது, பதவி உயர்வுக் கோப்பைப் பல ஆண்டுகளாகத் தூக்கி நடக்கும் உதவிப் பேராசிரியரிடம் எடுபடாது. நேரமும் தாராளம்: ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஒரு பாட அலகை எடுத்து, ஏ.ஐ.க்கு முதல்நாள் எழுதிய பிராம்ப்டை, அதாவது கட்டளையை, மறுநாள் திருத்திப் பார்க்கும் அளவுக்கு இடம் கிடைக்கும்.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. விடுமுறை என்றால் மே மாதம். மே மாதம் என்றால் விடைத்தாள் மதிப்பீட்டு முகாம். முகாம் முடிந்து வருகிற ஆசிரியரிடம் இன்னொரு வாரத்தைக் கேட்பது எளிதல்ல. அதைவிடப் பெரிய குறை, அந்த வாரத்தில் கல்லூரியில் மாணவர்களே இல்லை என்பது. பழைய மாணவர்கள் தேர்வெழுதிப் போய்விட்டார்கள், புதியவர்களுக்கு இன்னும் சேர்க்கையே முடியவில்லை. ஆகவே ஆசிரியர் கற்பனையான மாணவர் ஒருவருக்குப் பாடம் தயாரிக்கிறார்; 'மெதுவாகக் கற்பவர்', 'விரைவாகக் கற்பவர்' என்ற இரண்டு பொது அட்டைகளுக்குள் அறுபது பேரும் அடங்கிவிடுகிறார்கள். தயாரித்த தாளை எந்த மாணவரும் தொடாமலேயே ஐந்தாம் நாள் நிறைவு விழா வந்துவிடுகிறது.

மூன்றாவது வழியான பருவ அமர்வுகளில் விடைத்தாள்கள் இருக்கின்றன. மற்றவை எல்லாம் தொல்லைதான். கிழமைக்குப் பதில் முதல்நாள், இரண்டாம்நாள் என்று எண்ணும் டே ஆர்டர் முறையில் இரண்டு துறைகளுக்குப் பொதுவான ஓய்வு நேரம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. காலை ஷிப்ட் ஆசிரியர் ஒரு மணிக்கு மேல்தான் வர முடியும். அந்த நேரத்தில் பிற்பகல் ஷிப்ட் ஆசிரியர் வகுப்புக்குப் போக வேண்டும். சனிக்கிழமை வைத்தால், வீட்டுப் பொறுப்புள்ள பெண் ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு. புகைப்படத்துக்கு உகந்த தருணம் எதுவும் இருக்காது. மூன்றாம் அமர்வில் வருகை குறையும். இவ்வளவையும் ஒருவர் தலையில் சுமத்திவிட்டு அவருடைய பாடவேளைகளைக் குறைக்காவிட்டால், நான்காம் அமர்வோடு எல்லாம் முடிந்துவிடும்.

அப்படியிருந்தும் தராசு இந்தப் பக்கம் சாய்வதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியின் பலன் மாணவர் மதிப்பெண்ணில் தெரிகிறதா என்று ஆராய்ந்த யூனும் அவருடைய உடனாய்வாளர்களும், ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்து, தரத்தில் தேறிய ஒன்பதை மட்டும் வைத்து, 2007இல் அறிக்கை வெளியிட்டார்கள். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகளில் மாணவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஐந்து முதல் பதினான்கு மணி நேரம் வரையிலான பயிற்சிகளில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. அவை பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகள். கல்லூரிக்கு எண்ணை அப்படியே பெயர்த்து நடக்கூடாது. ஆனால் மூன்று மணி நேரச் செயல்முறையை வைத்துக்கொண்டு வகுப்பறை மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

மணிக்கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணித வகுப்புகளில், ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு ஹம்சா பஸ்தானியும் பிறரும் நடத்திய சோதனை. ஒரு குழுவுக்கு வழக்கமான சாட்பாட் போன்ற ஒன்றைத் தந்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அக்குழுவின் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. ஆனால் கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. இன்னொரு குழுவுக்குத் தந்த கருவியில், ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள், எந்தப் பிழைக்கு எந்தக் குறிப்பைத் தர வேண்டும் என்ற ஆசிரியர்களின் அறிவுரை ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள். விடையை நேராகச் சொல்லிவிடக் கூடாது என்றும் அதற்குக் கட்டளை இருந்தது. அக்குழு பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறியது. தேர்வில் அந்தச் சரிவும் பெரும்பாலும் இல்லாமற்போனது. இரண்டிலும் உள்ளிருந்த மொழி மாதிரி ஒன்றே. மாறியது, ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த பிழைப்பட்டியல் உள்ளே போனதா இல்லையா என்பதுதான். அந்தப் பட்டியல் மேடையில் பேசும் நிபுணரிடம் கிடையாது. துறையின் அலமாரியில், கட்டிவைத்த உள்மதிப்பீட்டு விடைத்தாள்களில் இருக்கிறது.

ஆகவே நான் பரிந்துரைப்பது, ஜூன் இறுதியில் வகுப்புகள் முழுவீச்சில் தொடங்குமுன் இரண்டு அரைநாள்கள், பிறகு ஜூலை முதல் செப்டம்பர் இறுதிவரை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு அமர்வுகள். அரைநாளுக்கு மூன்று மணி என்றும் அமர்வுக்கு இரண்டு மணி என்றும் கொண்டால் பதினெட்டு மணி நேரம் ஆகிறது. அக்டோபர் தொடங்குமுன் முடித்துவிடுவது கட்டாயம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் எந்த அட்டவணையும் வானிலை அறிக்கையைக் கேட்டுத்தான் நிற்கும், நவம்பரில் பருவத் தேர்வும் வந்துவிடும். ஐந்துநாள் பயிற்சியை நான் கைவிடச் சொல்லவில்லை. துறைக்கு ஒருவரை முந்தைய மே மாதத்தில் அப்படியொரு பயிற்சிக்கு ஓ.டி. (பணியிலிருப்பதாகவே கணக்கிடும் அனுமதி) கொடுத்து அனுப்பினால், பருவ அமர்வுகளைத் துறையில் நடத்தப்போகிறவர் அவராகவே இருப்பார். பதவி உயர்வுக்குரிய சான்றிதழும் அவருக்குக் கிடைக்கும்.

ஓர் அமர்வு எப்படி நடக்கும் என்பதைப் பொருளியல் துறையை வைத்தே சொல்கிறேன். ஆசிரியர்கள் பதினைந்து பேருக்கு மிகாமல் ஆய்வகத்தில் அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் முதல் உள்மதிப்பீட்டின் பத்து விடைத்தாள்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் அரைமணி நேரம் கணினியைத் திறப்பதே இல்லை. ஒரே வினாவுக்கான பிழைகளை வகைப்படுத்தித் தாளில் எழுதுகிறார்கள். பிறகுதான் பிராம்ப்ட்: "இளங்கலைப் பொருளியல் முதலாமாண்டு மாணவர், தமிழ்வழியில் படித்து வந்தவர். விலை மாறும்போது தேவைக்கோடு முழுவதும் இடம்பெயர்கிறது என்று தவறாக எண்ணுகிறார். கோயம்பேட்டில் தக்காளி விலையை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே கடினமாகும் ஐந்து வினாக்கள் எழுது. விடையைச் சொல்லாதே, தவறினால் தரவேண்டிய ஒரு குறிப்பை ஒவ்வொரு வினாவுக்கும் கீழே எழுது. விளக்கம் எளிய தமிழில் இருக்கட்டும், பாடச் சொற்களை ஆங்கிலத்திலும் தா." வந்த தாளைப் பக்கத்து இருக்கைக்காரர் திருத்துகிறார். மழையால் வரத்துக் குறைந்து தக்காளி விலை ஏறியதைத் தேவைக்கோட்டின் இடப்பெயர்ச்சி என்று கருவி எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. அது அளிப்புக்கோட்டின் இடப்பெயர்ச்சி என்பதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் அந்தத் தாளை மாணவரிடம் கொடுக்கலாம். இரண்டு வாரம் கழித்து அடுத்த அமர்வுக்கு வரும்போது, மாணவர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். ஐந்துநாள் பயிற்சியால் தர முடியாதது இந்த இரண்டு வார இடைவெளிதான்.

கருத்தாளர் யார் என்பதில் நிர்வாகத்துக்கு எப்போதும் பெரிய பெயர் மீது ஆசை. மொழி மாதிரி அடுத்த சொல்லைக் கணித்துக்கணித்து எழுதுகிறது, அதனால்தான் பிழையையும் சரளமாக எழுதுகிறது என்பதை விளக்க, ஜூன் அரைநாள்களில் ஒரு மணி நேரம் கணினித் துறைக்காரர் ஒருவர் பேசினால் போதுமானது. மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சியாளர் இலவசமாக வருகிறார் என்றால், அவர் தம் நிறுவனத்தின் கருவியைத்தான் காட்டுவார் என்பதைத் தெரிந்துகொண்டு அழைக்கலாம். பிற அமர்வுகளுக்கு உள்ளூர் ஆளே சரி. பாடத்தை அறிந்தவர், பொறுமைசாலி, முடிந்தால் துறைத்தலைவர் அல்லாதவர். மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது யாரும் தம் மாணவர்களின் மோசமான விடைத்தாள்களை எடுத்து வெளியே வைப்பதில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற பொதுக் கருவிகள் பயிற்சித்தாள் எழுதப் போதும். நாம் தரும் பாடக்குறிப்புகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டு பதில் சொல்லும் நோட்புக்எல்எம் போன்றவை, பாடத்திட்டத்தை விட்டு விலகக்கூடாத இடங்களில் உதவும். தமிழில் இவை தடுமாறும் என்ற பழைய எண்ணத்தை ஓரளவு மாற்றிக்கொள்ளலாம்: 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது, ஒரு தமிழ் மாதிரி வாக்கியத்துக்கு முன்பு 116 டோக்கன்கள் (மொழி மாதிரி எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டுகள்) தேவைப்பட்டன, இப்போது 35 போதும் என்று ஓபன்ஏஐ காட்டியது. சரளம் கூடியிருக்கிறது என்பதற்காகப் பொருளும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இலவசக் கணக்குகளுக்குப் பயன்பாட்டு வரம்பு இருப்பதாலும், ஒரே இணைய இணைப்பிலிருந்து பலர் ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்கும்போது சரிபார்ப்புக் கேட்டு நிறுத்துவது நேர்வதாலும், கணக்குகளை ஆசிரியர்கள் முன்னதாகவே வீட்டில் தொடங்கி வருவது நல்லது.

தரவுப் பாதுகாப்பை அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளுவது பொதுவான வழக்கம். அதை ஜூன் அரைநாளிலேயே முடித்துவிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவரது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வேண்டுகிறது. ஜூனில் கல்லூரிக்குள் நுழையும் முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு வயது பதினேழுதான். ஆகவே பெயரும் பதிவெண்ணும் உள்ள மதிப்பெண் பட்டியலையோ, விடைத்தாளின் படத்தையோ வெளிச்சேவையில் பதிவேற்றக் கூடாது. மேலே காட்டிய பிராம்ப்டில் மாணவரின் பிழை மட்டுமே இருக்கிறது, மாணவர் இல்லை. எந்தத் தாள் யாருக்கு என்பது ஆசிரியரின் குறிப்பேட்டில் இருந்தால் போதும். மாணவர்கள் கையில் கருவியை நேரடியாகக் கொடுப்பதை முதல் பருவத்தில் நான் ஆதரிக்கவில்லை. துருக்கிச் சோதனையின் முதல் குழுவுக்கு நேர்ந்தது நம் வகுப்பிலும் நேராது என்று சொல்ல யாரும் இல்லை.

எஞ்சியிருப்பது மதிப்பீடு. 'கருத்தாளரின் விளக்கம் மிக நன்று / நன்று / சுமார்' என்ற பின்னூட்டப் படிவம், கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்புக்கான கோப்புக்குத் தேவைப்படும், நிரப்பி வைத்துக்கொள்ளலாம். பயிலரங்கம் பயன்பட்டதா என்று அறிய, இரண்டாம் உள்மதிப்பீட்டில் அதே கருத்தைத் தொடும் ஒரு வினாவைச் சேர்த்து, ஜூலையில் வகைப்படுத்திய பிழைகளில் எவை மறைந்தன, எவை நின்றன என்று துறைவாரியாக எண்ணினால் போதும். அமர்வுகளில் பங்கேற்காத ஆசிரியரின் வகுப்பிலும் அதே வினாவைக் கேட்டால் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும். அந்த ஆசிரியருக்கு இதை முன்பே சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொள்வது துறையின் அமைதிக்கு உகந்தது. ஆங்கிலத்தில் எழுத முடியாமல் நின்ற மூன்றாவது வகை மாணவர்களிடம் ஒரு பருவத்தில் பெரிய மாற்றம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்கான தாள்களை மட்டும் அடுத்த பருவத்துக்கும் தொடர, டிசம்பரிலேயே நேரமும் ஆளும் ஒதுக்கிவிட வேண்டும்.